நடுவில் கோடு, ஓரத்தில் பட்டன்

ஜூன் 1, 1992. திங்கள்

இந்த டைரியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு நல்ல பெயர் வரவேண்டும் என்று ஒரு வரியும் கூட்ட மாட்டேன். யாரையும் காப்பாற்ற ஒரு சொல்லும் குறைக்க மாட்டேன். இப்படிக்கு ஞா. பியூலா, பத்தாம் வகுப்பு, இராஜபாளையம்.

எங்கள் பேண்டேஜ் துணியை வாங்கும் மதுரை வியாபாரி அப்பாவுக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து மே வரை வெறுமையாகக் கிடக்கிறது. அந்த ஐந்து மாதம் எங்கள் வீட்டில் பேசிய பேச்சை எழுதியிருந்தால் தாள் கருகியிருக்கும்.

இன்று பள்ளிக்கூடம் திறந்தது. கணக்கு டீச்சர் கரும்பலகையில் செவ்வாய்க்கிழமை என்று எழுதினார். எழுந்து நின்று திங்கள் என்றேன். வகுப்பே சிரித்தது. தப்பைத் தப்பு என்று சொன்னால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்ததும் காம்பஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் நிற்கும் பிக்கப் வண்டியிடம் போனேன். கவராயத்தின் முனையை டயரின் பள்ளத்தில் விட்டு ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். பின் இடது: ஒன்றரை மில்லிமீட்டர். பின் வலது: இரண்டு. முன்னால் உள்ளவை மூன்று மூன்று. புது டயரில் பதினொன்று இருக்கும் என்று டயர் கம்பெனித் துண்டுத்தாளில் போட்டிருக்கிறது. ஸ்டெப்னி கிடையாது. ஜனவரியில் ஒரு டயர் வெடித்ததும் ஸ்டெப்னியை எடுத்து மாட்டிவிட்டார்கள்.

அந்த டயர் வெடித்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். வண்டி அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. வாரத்தில் மூன்று நாள் பேண்டேஜ் சிப்பம் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போகும். அது அப்பாவின் தொழில். மற்ற நாட்களில் தேவதானத்துக்கு மேலே மலையடிவார மாந்தோப்புக்கு ஏறும். அதைப் பார்ப்பது பெரியப்பா. டயர் வெடித்தது தோப்புக் கல்லால் என்றார் அப்பா. சிப்பத்தை அளவுக்கு மேல் ஏற்றியதால் என்றார் பெரியப்பா. அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. ஒரே வீடு, நடுவில் ஒரு முற்றம், இரண்டு அடுப்பு.

பேசாவிட்டால் புது டயர் எப்படி வரும்? மாம்பழ சீசன் தொடங்கிவிட்டது.

ஜூன் 3. புதன்

சின்னம்மாவின் பிரசவத்துக்கு அம்மா நாசரேத் போய்விட்டாள். ஒரு மாதம் ஆகுமாம். பஸ் ஏறும்போது சொன்னாள்: “இவிய ரெண்டு பேருக்கும் நடுவுல இனி நீதான் போய்ச் சொல்லணும். நான் இம்புட்டு நாளும் சொன்னேன்ல, அது மாதிரி.”

எங்கள் வீட்டில் அப்படித்தான். பெரியப்பா தன் வாசலில் நின்று, “உங்கப்பன்ட்ட சொல்லு” என்பார். அப்பா பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தாலும் காதில் விழாதது போல இருப்பார். யாராவது நடந்து போய்ச் சொன்ன பிறகுதான் பதில் வரும்.

நான் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போய் வாசித்துவிடுவேன். ஒன்றும் விட்டுப்போகாது.

ஜூன் 4. வியாழன்

முதல் நாள்.

பெரியப்பா: “உங்கப்பன்ட்ட சொல்லு. அடிவாரத்துக்கு ஏறுற வண்டிக்குப் பட்டன் டயர்தான் போடணும். கட்டுப்போடுற துணி விக்கிறவனுக்குத் தார் ரோடுதான் தெரியும், மண்ணு எங்க தெரியப்போவுது.”

எழுதிக்கொண்டு போய் அப்பா முன்னால் நின்று வாசித்தேன். அப்பா முகம் சிவந்தது. “மண்ணுலயே புரளுற ஆளுக்கு மண்ணுதான் தெரியும்னு போய்ச் சொல்லு. பட்டன் டயரைத் தார் ரோட்டுல விட்டா நாலே மாசத்துல வழுக்கையாயிரும். கோடு டயர்தான்.”

அதை வாசித்ததும் பெரியப்பா கேட்டார், “நெசமாவே இப்படியா சொன்னான்?”

“வார்த்தைக்கு வார்த்தை பெரியப்பா.”

“இன்னொருக்கா வாசி.”

வாசித்தேன். தண்ணீர் வாளியை எட்டி உதைத்தார். செல்லக்கனி பெரியம்மா கதவுக்குப் பின்னாலிருந்து என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என் மேல் என்ன கோபமோ.

பட்டன் டயர் என்றால் ரப்பர் கட்டி கட்டியாக நிற்பது. சேற்றைக் கவ்வும். கோடு டயரில் நீளவாக்கில் பள்ளம் ஓடும். தாரில் சத்தமில்லாமல் ஓடும், சீக்கிரம் தேயாது. இருவர் சொல்வதிலும் பாதி சரி. ஆனால் பாதியை ஒப்புக்கொள்ள இரண்டு பேருக்கும் வாய் இல்லை.

ஜூன் 6. சனி

டிரைவர் சமுத்திரம் அண்ணனோடு தோப்புக்குப் போனேன். போகிற வழியில் என் அளவுகளை வாசித்துக் காட்டினேன்.

“டயரு மொட்டைன்னு நீ அளந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்” என்றார். 

ஓடையைத் தாண்டியதும் செம்மண் ஏற்றம். வலது பக்கம் பாறை, இடது பக்கம் ஓடைக்குச் சரியும் பள்ளம். அந்த இடத்தில் வண்டிக்குப் பின்னால் கருத்தம்மாள் நடந்து வருகிறாள். மாங்காய் பறிக்கும் கூலிக்காரி. அவள் கையில் ஒரு பெரிய கல். வண்டி முக்கி முக்கி ஏறும்போது சக்கரம் ஓரிடத்தில் நின்று சுற்றுகிறது. உடனே அவள் ஓடிவந்து பின் சக்கரத்துக்குக் கீழே கல்லைச் செருகுகிறாள். வண்டி மறுபடி நாலடி ஏறுகிறது. அவள் கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிறாள். ஏற்றம் முடிவதற்குள் பதினோரு தடவை.

மேலே போய்ச் சேர்ந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “இந்த வண்டிக்குப் பிரேக்கு நாந்தான். மொதலாளிமாரு ரெண்டு பேரும் நாலு வார்த்தை பேசினா எனக்கு இந்தக் கல்லு மிச்சம்.”

“காய்ஞ்ச மண்ணுலயே இந்தப் பாடு. சாரல் விழட்டும், பொறவு தெரியும்” என்றார் சமுத்திரம் அண்ணன்.

பயமாக இல்லையா என்று கேட்டேன். “பயந்தா வேற டிரைவரைப் போட்டுருவாக” என்றார்.

ஜூன் 7. ஞாயிறு

இன்று கோயிலில் நற்கருணை. சகோதரனோடு மனத்தாங்கல் உள்ளவன் முதலில் அதைத் தீர்த்துவிட்டுப் பந்திக்கு வரட்டும் என்று போதகர் ஐயர் வழக்கம்போலச் சொன்னார். பெரியப்பா வலப்பக்கம் மூன்றாவது பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்பா இடப்பக்கம் நாலாவது பெஞ்சில். ஆண்கள் எல்லாரும் எழுந்து போனபோது இந்த இரண்டு தலைகள் மட்டும் வெறும் பெஞ்சுகளுக்கு நடுவே தெரிந்தன. ஊரே பார்த்தது. அவர்களுக்கு வெட்கம் இல்லை. எனக்குத்தான்.

ஜூன் 9. செவ்வாய்

இன்று முற்றத்தைக் குறுக்கே ஏழு தடவை நடந்தேன். எல்லாம் நோட்டில் இருக்கிறது.

ஜூன் 13. சனி

அப்பாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் டயர்க்கடைக்குப் போனேன். வண்டி தோப்பில் இருந்ததால் டவுன் பஸ். தேரடிக்குப் போகிற தெருவில் சங்கரலிங்கம் என்பவர் கடை. மூன்று டயர்களைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்.

“வாங்க அண்ணாச்சி. நேத்து உங்க அண்ணன் வந்தாக. இதே எடத்துல நின்னு பட்டன் டயரைத் தட்டித் தட்டிப் பாத்தாக. இன்னைக்கு நீங்க வந்து கோடு டயரைத் தட்டுதீக. வண்டிக்கு நாலு சக்கரம். வலது ரெண்டும் உங்களுக்கு, இடது ரெண்டும் அவியளுக்குன்னு மாட்டி விட்டுரவா?”

அப்பா சிரிக்கவில்லை. நானும்தான்.

பழைய டயரையே ரீபட்டன் போட்டால் என்ன என்று கேட்டார் அப்பா. சங்கரலிங்கம் உதட்டைப் பிதுக்கினார். “உள்ள நூலு தெரியிற டயருக்கு மேல ரப்பர் ஒட்டுனா, செத்தவனுக்குச் சட்டை தைக்கிற மாதிரி.” பிறகு மூன்றாவது டயரை உருட்டி வந்தார். நடுவில் கோடு ஓடுகிறது, இரண்டு ஓரத்திலும் பட்டன் நிற்கிறது. “தார்ல போனா நடு பேசும், சேத்துல போனா ஓரம் பேசும். எஸ்டேட்டுக்காரங்க இதைத்தான் கேக்காங்க. உங்க ரெண்டு பேரு வண்டிக்குன்னே செஞ்சது மாதிரி இருக்கு.”

“ரெண்டுங்கெட்டான்” என்றார் அப்பா.

நான் கவராயத்தை விட்டு அளந்தேன். நடுவில் பதினொன்று, ஓரத்தில் பதிமூன்று. இதுதான் சரி என்று தோன்றியது. சொன்னேன். “ஒனக்கு என்ன தெரியும், சும்மா இரு” என்று விழுந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவராகச் சொன்னார்: “அந்த மூணாவது சரிதான். ஆனா நான் போய்க் கேக்க மாட்டேன். தோப்பு தோப்புன்னு நாண்டுக்கிட்டு நிக்கிற அந்த ஆளுக்கு வேணும்னா அவன் கேக்கட்டும்.”

இதை அவரிடம் சொல்லவா என்று கேட்டேன். “சொல்லு” என்றார். எழுதிக்கொண்டேன்.

ஜூன் 14. ஞாயிறு

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் கொண்டுபோனேன். மூன்றாவது டயர் சரி என்று அப்பாவே சொல்லிவிட்டாரே.

பெரியப்பா கடைசிவரை கேட்டார். “அந்த ஆளா? தூக்கி வளத்தவன் நான். நான் அவனுக்கு அந்த ஆளா?”

“அப்படித்தான் சொன்னாங்க பெரியப்பா.”

“முந்தாநேத்து சங்கரலிங்கம் எனக்கும் அந்த டயரைத்தான் காட்டினான். எனக்கும் சரின்னுதான் பட்டுது. தம்பி கேட்டா போட்டுருவோம்னு இருந்தேன். இனி அவன் கால்ல விழுந்து கேட்டாலும் கெடையாது. பட்டன் டயர் போட்டாப் போடு, இல்லேன்னா இந்த மொட்டை டயர்லயே வண்டி ஏறட்டும்.”

அதையும் அப்படியே அப்பாவிடம் வாசித்தேன். “கால்ல விழுந்து” என்ற இடத்தில் அப்பா கையில் இருந்த கண்ணாடி டம்ளர் முற்றத்தில் போய் விழுந்து உடைந்தது.

ஒரு சொல்லும் பிசகவில்லை. பிறகு ஏன் எல்லாம் முன்னைவிட மோசமாகப் போகிறது? இரண்டு பேருக்கும் ஒரே டயர்தான் பிடித்திருக்கிறது. இரண்டு பேரும் போடமாட்டார்கள். பெரியவர்களைப் போல முட்டாள்கள் உலகத்தில் உண்டா?

ஜூன் 17. புதன்

அப்பா வண்டியை விற்றுவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார். பெரியப்பா சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். சீசன் முடியும்வரை வண்டி தோப்புக்கு மட்டும்தானாம். அப்பாவின் சிப்பங்கள் தறிக்கூடத்தில் அடுக்கிக் கிடக்கின்றன. டயர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

மேற்கே மலை தெரியவில்லை. சாரல்.

ஜூன் 20. சனி

எழுதவே கை வரவில்லை. எழுதுவேன் என்று சொன்னேன், எழுதுகிறேன்.

வண்டி பின்னால் வழுக்கிவிட்டது. மதியம் மாங்காய் ஏற்ற மேலே போகும்போது, அதே ஏற்றத்தில். சேறு. கருத்தம்மாள் கல்லைப் போட்டாளாம். கல்லோடு சேர்ந்து வண்டி இறங்கியதாம். அவள் மட்டும் பக்கத்தில் தாவாமல் இருந்திருந்தால்— அதை எழுத வேண்டாம். ஓடைப் பக்கம் விழாமல் சமுத்திரம் அண்ணன் ஸ்டீயரிங்கைப் பாறைப் பக்கம் ஒடித்திருக்கிறார். வண்டி பாறையில் உரசி நின்றது. ஜன்னலில் இருந்த அவர் வலது கை நடுவில் மாட்டிக்கொண்டது. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும்.

கருத்தம்மாள் ஈரச் சேலையோடு வந்து வாசலில் உட்கார்ந்து இதைச் சொன்னாள். 

அப்பா முற்றத்தில் நின்று சுவரைப் பார்த்துக் கத்தினார்: “சாவிய எடுத்துக்கிட்டுப் போனவன்தான் பதில் சொல்லணும்.”

பெரியப்பா தூணைப் பார்த்துக் கத்தினார்: “டயர் போடவிடாம தடுத்தவன்தான் பதில் சொல்லணும்.”

அப்போதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஜூன் 21. ஞாயிறு

கோயிலுக்கு யாரும் போகவில்லை. சமுத்திரம் அண்ணன் மனைவி வேலுத்தாய் காலையிலேயே வந்துவிட்டாள். இரண்டு வயதுப் பிள்ளை இடுப்பில். முற்றத்துக்கு நட்ட நடுவில் நின்றாள்.

“ஒரு தாயி வயித்துல பொறந்துட்டு ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீக. நீங்க ரோசம் காட்டுறதுக்கு எம்புருசன் கை ஒடியணுமோ? ஓடைக்குள்ள விழுந்து செத்திருந்தா அப்பவாவது பேசியிருப்பீகளா? இல்ல, பொணத்தை யாரு தூக்குறதுன்னு ஆளனுப்பிக் கேப்பீகளா?”

அப்பா உள்ளே போய்விட்டார். பெரியப்பா தலைகுனிந்து நின்றார். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கவில்லை.

“நீதானே நோட்டுல எழுதிவச்சி வாசிக்கிற புள்ள? கருத்தம்மா சொன்னா. ஏட்டி, படிச்ச புள்ளதானே நீ. தீ எரியிற எடத்துக்கு மண்ணெண்ணெயைத் தூக்கிட்டு நடந்திருக்கியே.”

நான் உண்மையைத்தானே சொன்னேன். உண்மையைச் சொன்னது தப்பா? அவள் கையை நான் உடைத்தேனா— அவள் இல்லை, அவர் கையை. எனக்கு வரிகூட ஒழுங்காக வரவில்லை.

ஜூன் 22. திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. செல்லக்கனி பெரியம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் இரண்டு பல் உரித்தேன். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

“உங்கம்மா அஞ்சு மாசம் நடந்தாள்ல. ஒரு டம்ளர் ஒடஞ்சுதா?”

இல்லை என்றேன்.

“உங்க பெரியப்பா பத்து வார்த்தை சொன்னா அவ நாலைத்தான் உள்ள கொண்டு போவா. மீதி ஆறை முத்தத்துலயே துப்பிட்டுப் போயிருவா. நானும் எப்பவாவது எதிர்ப்பக்கம் நடந்தா அப்படித்தான். அவ ஒண்ணு சேத்தும் சொல்லுவா. ‘சாப்பிட்டாரான்னு கேட்டாக’ன்னு. எவனும் கேக்கலை. ஆனா சொல்லுவா.”

“அது பொய் இல்லையா பெரியம்மா?”

“பொய்தான்.” பூண்டுத்தோலை ஊதித் தள்ளினாள். “நீ நெசத்தைச் சொன்னே. என்ன ஆச்சு பாரு.”

அம்மா ஏன் இதை என்னிடம் சொல்லவில்லை? சொல்லாமலே எனக்குத் தெரியும் என்று நினைத்தாளா? எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. எனக்கு எல்லார் மேலும் வெறுப்பாக இருக்கிறது. முதலில் அப்பா மேல். அப்புறம் பெரியப்பா. அப்புறம் அம்மா. அப்புறம் இந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு பெருமையாக நடந்தாளே ஒருத்தி, அவள்.

ஜூன் 25. வியாழன்

சமுத்திரம் அண்ணன் வந்தார். வலது கை முழங்கை வரை மாவுக்கட்டு. திங்கட்கிழமை முதல் வண்டி எடுக்கிறேன் என்கிறார். பெரியப்பா, “கை ஆறட்டும்ப்பா” என்றார்.

“கியரு போட எடது கை இருக்கு மொதலாளி. ஸ்டீயரிங்கை வலது முழங்கையால அணைச்சுக்கிடுவேன். நான் வரலேன்னா வேற ஆளைப் போட்டுருவீக. பொறவு எனக்கு எடமில்ல.”

 மாங்காய் மரத்திலேயே பழுத்து உதிர்கிறது. பெரியப்பா அதையும் பார்க்கிறார், மாவுக்கட்டையும் பார்க்கிறார். கடைசியில், “திங்கக்கெழமை பாப்போம்” என்றார். அப்படி என்றால் சரி என்று அர்த்தம்.

அதே டயர். அதே ஏற்றம். அதே சேறு. ஒரு கை.

நான்கு நாள் இருக்கிறது.

ஜூன் 26. வெள்ளி

இன்று நான் இரண்டு பொய் சொன்னேன். இல்லை, மூன்று. ஒவ்வொன்றாக எழுதுகிறேன். இந்த டைரியில் பொய் எழுதமாட்டேன் என்றேன். பொய் சொன்னதை எழுதாமலும் இருக்கமாட்டேன்.

முதல் பொய். பள்ளிவிட்டு வந்ததும் அப்பாவிடம் போனேன். நோட்டு இல்லாமல் போனேன். “பெரியப்பா சொன்னாங்க. தம்பிக்குச் சரின்னா அந்த மூணாவது டயரே போட்டுருவோம்னாங்க.”

அப்பா படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடிக்கவே மாட்டார். மடித்தார். “தம்பின்னா சொன்னாரு?”

“ஆமா.” இது இரண்டாவது பொய்.

பேப்பரைத் திண்ணையில் வைத்தார். “நாளைக்கு நானே போய் ஏற்பாடு பண்ணுறேன். அவரு அலைய வேண்டாம்” என்றார். அவன் இல்லை, அவரு. கவனித்தேன்.

மூன்றாவது பொய். பெரியப்பாவிடம்: “அப்பா சொன்னாங்க. அண்ணன் எதைச் சொன்னாலும் சம்மதம், மூணாவது டயர்னா ரொம்ப நல்லதுன்னாங்க.”

பெரியப்பா என்னை உற்றுப் பார்த்தார். “நோட்டு எங்க?”

“வகுப்புல விட்டுட்டு வந்துட்டேன்.” நாலாவது. எண்ணிக்கை தப்பிவிட்டது.

“சரி” என்றார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்குக் காய்ச்சல் வரும்போல இருக்கிறது.

ஜூன் 27. சனி

அவர்கள் இருவரும் ஒரே நாளில் ஒரே கடைக்குப் போவார்கள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? இவ்வளவு புத்தகம் படித்து என்ன புண்ணியம்.

அப்பாவும் நானும் பஸ்ஸில் போய் இறங்கி நடந்தால், சங்கரலிங்கம் கடை வாசலில் எங்கள் பிக்கப் ஜாக்கியில் நிற்கிறது. பெரியப்பா விடியற்காலையே வேறொரு டிரைவரை ஓட்டிவிடச் சொல்லி வந்துவிட்டார்; அவருக்கு ஓட்ட வராது. மூன்று சக்கரத்தில் புது டயர் ஏறிவிட்டது. நாலாவது டயரைக் கடப்பாரையால் நெம்பி ரிம்மில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி ஓடிவிடலாம் என்று நினைத்தேன்.

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக நேரே பார்த்துப் பேசினார். “ஞானதுரை, நீ அம்புட்டு எறங்கிச் சொல்லிவிட்ட பொறவு நான் சும்மா இருப்பேனா.”

அப்பா அவர் பக்கம் போனார். “நான் எங்கண்ணே சொல்லிவிட்டேன்? நீங்கதானே தம்பிக்குச் சரின்னா—”

“நானா?”

“பின்ன?”

கடப்பாரைச் சத்தம் நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

ஒப்புக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல இரண்டு முகமும் ஒரே மாதிரி ஆனது. அவர்கள் அண்ணன் தம்பி என்று முகத்தில் தெரிந்தது இன்றுதான்.

“நம்ம ரெண்டு பேரையும் கயிறு கட்டி ஆட்டியிருக்காடா இந்தப் பொடிச்சி” என்றார் பெரியப்பா. “நான் எறங்கி வந்ததா இவன் நெனச்சிருக்கான். இவன் எறங்கி வந்ததா நான் நெனச்சிருக்கேன். கடைக்காரன் முன்னால எம்புட்டு அசிங்கம்.”

அப்பா கையை ஓங்கினார். அப்பா என்னை அடித்ததே இல்லை. பெரியப்பா அவர் கையைப் பிடித்தார். “தெருவுல வச்சு அடிக்காத. வீட்டுக்குக் கொண்டு போய் அடி.”

“வீட்டுல பொய் சொல்ல யாருண்ணே சொல்லிக்கொடுத்தா?”

“ஏன், எங்க வீட்டுலயா சொல்லிக்கொடுத்தோம்? உம்மக அவ.”

“எல்லாருந்தான் தூக்கி வச்சுக் கெடுத்தீக.”

இப்படியே போனது. நடுத்தெருவில், ஆறு மாதச் சண்டையை முழுதாகப் போட்டார்கள். சிப்பத்தின் கனம், தோப்புக் கல், சாவி, ‘அந்த ஆளு’, ‘கால்ல விழுந்து’ எல்லாம். நடுவில் நான் நின்றேன். ஆனால் யாரும், அவனிடம் போய்ச் சொல்லு என்று சொல்லவில்லை.

சங்கரலிங்கம் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணாச்சிமாரே, வண்டி ஜாக்கில நிக்கி. நாலாவதைப் போடவா, மூணையும் கழட்டவா? அதைச் சொல்லிட்டுப் பொறவு அடிச்சுக்கோங்க.”

“போடுய்யா” என்றார்கள் இருவரும். ஒரே குரலில்.

திரும்பி வரும்போது அப்பா ஓட்டினார், பெரியப்பா பக்கத்தில். என்னைப் பின்னால் ஏறச் சொன்னார்கள். கழற்றிப் போட்ட நாலு மொட்டை டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தேன். முன்னால் கண்ணாடி வழியாக இரண்டு வாயும் அசைவது தெரிந்தது. திட்டுகிறார்களா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. புது டயர் தாரில் லேசாக முனகியது. அவ்வளவு சத்தமில்லை.

ஜூன் 28. ஞாயிறு

அடி விழவில்லை. அதைவிட மோசம். வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை.

ஜூன் 30. செவ்வாய்

அம்மா வந்துவிட்டாள். பெரியம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அம்மா பெட்டியைக்கூடத் திறக்காமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“அஞ்சு மாசம் எத்தனை சொல்லியிருப்பேன். ஒண்ணையாவது கண்டுபிடிச்சாகளா? நீ சொன்னது நாலு. மறுநாளே மாட்டிக்கிட்டே.” பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நீ அவியளைப் பேச வச்சுட்டே. சரி. ஆனா அவிய மொகத்துல கரி பூசிட்டே. அதை மறக்க மாட்டாக.”

எனக்கு அழுகை வரவில்லை. வேண்டுமென்றே வரவிடவில்லை.

ஜூலை 3. வெள்ளி

சமுத்திரம் அண்ணனிடம், வேலை அவருடையதுதான், கட்டு அவிழ்க்கும்வரை ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று இருவரும் ஞாயிற்றுக்கிழமையே சேர்ந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார்களாம். அதுவரை அப்பா தோப்புக்கு ஓட்டுகிறார். சமுத்திரம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறார். அப்பாவுக்குத் தோப்பு ஏற்றம் பழக்கமில்லை. அங்கே வைத்துப் பெரியப்பாவிடம் தினமும் திட்டு வாங்குகிறார், தினமும் திருப்பித் திட்டுகிறார். நேருக்கு நேர்.

மாலையில் பெரியப்பா முற்றத்தில் நின்றுகொண்டு, நான் மூன்றடியில் இருக்கும்போது, அப்பாவிடம் சொன்னார்: “உம்மகட்ட சொல்லு, கேட்டைச் சாத்தச் சொல்லு.”

அப்பா அம்மாவிடம்: “அவட்ட சொல்லு.”

அம்மா: “சாத்துட்டி.”

சாத்தினேன்.

ஜூலை 8. புதன்

தெருக்குழாயில் வேலுத்தாயைப் பார்த்தேன். அக்கா என்று கூப்பிட்டேன். குடத்தைப் பாதி நிறையும் முன்பே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு நியாயம் இருக்கிறது. இதை அவளுக்காகக் கூட்டி எழுதவில்லை.

ஜூலை 11. சனி

காலையிலிருந்து விடாத சாரல். வண்டி மதியம் தோப்புக்குப் போனது. அப்பா, பெரியப்பா, சமுத்திரம் அண்ணன். ஐந்து மணிக்கு வந்துவிட வேண்டும். ஆறாயிற்று. அம்மா நாலு தடவை வாசலுக்கு வந்தாள். பெரியம்மா ஜெபம் செய்யத் தொடங்கிவிட்டாள். நான் கேட்டுக்குப் பக்கத்தில் பூகோளப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரே பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நான் போடவைத்த டயர். ஏதாவது ஆகியிருந்தால் அது நான்தான்.

இருட்டுகிற நேரத்தில் தெருமுனையில் வெளிச்சம் தெரிந்தது. வண்டி முழுக்கச் செம்மண். டயர்களின் ஓரப் பட்டன்களுக்கு நடுவில் சேறு அப்பி நின்றது. பின்னால் கூடைகள் குவியலாக.

சமுத்திரம் அண்ணன் கட்டுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். என்னைப் பார்த்து நின்றார். “ஒரே மூச்சுல ஏறிருச்சு” என்று என்னிடம் சொன்னார். என்னிடம்தான். பிறகு மழையில் தன் வீட்டுப் பக்கம் நடந்தார்.

அப்பாவும் பெரியப்பாவும் இறங்கவில்லை. முன் டயருக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்று உள்ளே சண்டை. பெரியப்பா டேஷ்போர்டைத் தட்டித் தட்டி ஏதோ சொன்னார். அப்பா தலையை ஆட்டி மறுத்தார். வண்டியின் இரண்டு முன்விளக்கும் என் மேலேயே அடித்தன. கண் கூசியது. அவர்கள் கூப்பிடுவார்கள், கூடையை இறக்கவாவது கூப்பிடுவார்கள் என்று நின்றுகொண்டே இருந்தேன். என்னைப் பார்த்திருக்க வேண்டும். வெளிச்சம் முழுதும் என் மேல்தானே.

பேச்சு நிற்கவில்லை. அப்பா கையை நீட்டி விளக்குகளை அணைத்தார்.